சிஆர்பி ரத்தப் பரிசோதனையா, கால்சியம் ஸ்கேனா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. "இதயத்துக்கு எந்த டெஸ்ட் எடுக்கலாம்?" என்று போன வாரம் கேட்டார்.

ஹெச்எஸ்-சிஆர்பி (சிஆர்பியை மிக நுணுக்கமாக அளக்கும் வகை) சாதாரண ரத்தப் பரிசோதனைதான். உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் சிஆர்பி என்ற புரதத்தை அளக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் அதிகம். ஆனால் அழற்சி எங்கே என்று அது சொல்லாது. ஈறு வீங்கினாலும் ஏறும், காலில் புண் இருந்தாலும் ஏறும். சித்தப்பாவுக்கு 11 வந்தது. அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவர் அவர்! 10-ஐத் தாண்டினால், உடம்பு தேறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

கால்சியம் ஸ்கேன், ஊசி மருந்து இல்லாத சிடி. இதய ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை நேராகக் காட்டும். முடிவு ஒரு மதிப்பெண்ணாக வரும்: 0 நல்ல செய்தி, 100-க்கு மேல் கவனம் தேவை, 400-ஐத் தாண்டினால் படிவு மிக அதிகம். சுண்ணாம்பு ஏறாத மென்மையான படிவு இதில் தெரியாது. கொஞ்சம் கதிர்வீச்சும் உண்டு.

படிவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் நான் ஸ்கேனையே சொல்வேன். 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்குப் பொதுவாக இரண்டு டெஸ்டும் இல்லாமலே ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்கள், சரி. சித்தப்பா அந்த மாத்திரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால்தான் படத்தை அவரே கண்ணால் பார்க்கட்டும் என்கிறேன். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.