ஆறு இன்ச்சா, ஏழு இன்ச்சா? குறைந்த விலை ஆக்‌ஷன் ஃபிகர்கள் ஓர் அலசல்

ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது மூட்டு அசையும் கதாபாத்திரப் பொம்மையின் பெட்டியில் "6 இன்ச்" என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது சரியாக ஆறு இன்ச் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்த வரிசைக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஸ்கேல், அதாவது நிஜ உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. ஆறடி, அதாவது 183 செ.மீ. உயரமுள்ள கதாபாத்திரம் 1:18-இல் சுமார் 10 செ.மீ., 1:12-இல் 15 செ.மீ., 1:10-இல் 18 செ.மீ., 1:6-இல் 30 செ.மீ. வரும்.

15-க்கும் 18-க்கும் மூன்று செ.மீ.தானே என்று இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தினால் அங்கேதான் சிக்கல். 1:12 கூட்டத்துக்கு நடுவில் அந்த 18 செ.மீ. பொம்மை ஏழடியைத் தாண்டிய ஆளாகத் தெரியும். ராட்சத வில்லனாக வைத்துச் சமாளிக்கலாம் என்றால் தலை காட்டிக்கொடுக்கும். உச்சியிலிருந்து தாடை வரை அளந்து பாருங்கள்: 1:12-இல் ஏறத்தாழ 1.9 செ.மீ., 1:10-இல் 2.3 செ.மீ. முடி, தலைக்கவசத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெட்டியில் ஸ்கேலே போடாத பொம்மைகளுக்கும் இந்த அளவுதான் கைகொடுக்கும்.

சிறிசும் பெரிசும்

3.75 இன்ச் (1:18) அளவைப் பரப்பியது 1978-இல் வந்த கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள். 1982-இல் ஜி.ஐ. ஜோ ராணுவப் பொம்மை வரிசையும் இந்த அளவுக்கு இறங்கியது. இதன் பெரிய பலம் வாகனங்கள்: பொம்மையை உட்கார வைக்கும் அளவுக்கு விமானமோ டாங்கோ வேண்டுமென்றால், வீட்டில் இடம் பிடிக்காமல் வருவது 1:18 மட்டும்தான். பலவீனம் முகம். கண் அச்சு அரை மி.மீ. நகர்ந்தாலே மாறுகண் ஆகிவிடும். பழைய பாணியில் வரும் ரகங்களில் கழுத்து, தோள், இடுப்பு என்று ஐந்தே மூட்டு. காட்சிக்குச் சரி, போஸுக்கு ஆகாது.

12 இன்ச்சில் குறைந்த விலை ரகம், ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் டைட்டன் ஹீரோ போன்றவை, குழந்தைகள் விளையாடச் செய்தவை. கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும்: உள்ளே காலி, மூட்டு சொற்பம், பெரும்பகுதி பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக். துணி உடையோடு வரும் 1:6 சேகரிப்புப் பொம்மைகளின் விலை வேறு உலகம். அவற்றோடு இதை ஒப்பிடுவதே தவறு.

உண்மையான போட்டி

ஹாஸ்ப்ரோவின் மார்வெல் லெஜண்ட்ஸ் (6 இன்ச், 1:12) ஒரு பக்கம். 2020-இல் தொடங்கிய மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் டிசி மல்டிவெர்ஸ் (7 இன்ச், 1:10) மறுபக்கம்.

சிற்ப நுணுக்கத்தில் மெக்ஃபார்லேன் ஜெயிக்கும். கவசக் கீறல், உடையின் நெசவு எல்லாம் வார்ப்பிலேயே இருக்கும், பொம்மையை நிறுத்தப் பீடமும் கூடவே வரும். லெஜண்ட்ஸில் ஒரே உடல் அச்சு பல கதாபாத்திரங்களுக்கு ஓடும். மாற்றுக் கைகள், சிலவற்றில் மாற்றுத் தலை என்று ஈடுகட்டுவார்கள். முழங்கை, முழங்காலில் வேறு நிற ஆணி துருத்தித் தெரிந்த பழைய குறையும் சமீபத்திய பல பதிப்புகளில் போய்விட்டது.

அசைவில் மூட்டு எண்ணிக்கையை நம்பாதீர்கள். மெக்ஃபார்லேன் பெட்டியில் 22 வரை போட்டிருக்கும், ஆனால் மணிக்கட்டுகள் சுழல்வதும் மடங்குவதும் தனித்தனியாக எண்ணப்படும் உலகம் இது. "டிக் டிக்" என்று படிப்படியாக நகரும் ராட்செட் மூட்டுகள் கனமான உடலைத் தாங்கும். ஆனால் இரண்டு படிக்கு நடுவில் நிறுத்த வழியில்லை. லெஜண்ட்ஸின் உராய்வு மூட்டு எங்கே விட்டாலும் நிற்கும், நாளடைவில் தளரும். வாங்குமுன் கணுக்காலைப் பாருங்கள். பக்கவாட்டில் சாயவில்லையென்றால், காலை அகட்டியதும் பாதம் விளிம்பில் நிற்கும், பொம்மை சரியும். மற்ற எத்தனை மூட்டு இருந்தும் பயனில்லை.

இரண்டுக்கும் நடுவே ஜேடா நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் (வீடியோ கேம்) வரிசையையும் சொல்லியாக வேண்டும். 1:12, உபரிக் கைகள், நல்ல அசைவு. லெஜண்ட்ஸ் தட்டில் அப்படியே சேரும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு 1:12-க்குத்தான்: பல நிறுவனங்களின் பொம்மைகள் ஒரே கூட்டமாக நிற்கும். ஒரு கதாபாத்திரம் மட்டும் மேசையில் கம்பீரமாக நின்றால் போதும் என்றால் 1:10.

பெட்டி திறந்த பிறகு

இறுகிய மூட்டை முறுக்காதீர்கள். பெயின்ட் ஒட்டியிருக்கும், முறுக்கினால் உள்ளே இருக்கும் முளை ஒடியும். கொதி அடங்கிய வெந்நீரில், சுமார் 80 டிகிரி, ஒரு நிமிடம் அமிழ்த்திவிட்டு மெல்ல அசையுங்கள். தலையைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. வளைந்த வாளுக்கும் இதே வைத்தியம்: சூட்டில் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அரை நிமிடம் பிடித்தால் அந்த நிலையிலேயே இறுகும். மெல்லிய வாள் மறுபடி வளையலாம், அதைப் படுக்க வைத்தே சேமிக்க வேண்டும்.

தளர்ந்த பந்து மூட்டைக் கழற்றி, குழிக்குள் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு பொருத்துங்கள். சூப்பர் க்ளூ வேகமானதுதான். ஆனால் அசைக்க மறந்தால் மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அதன் ஆவி பக்கத்திலுள்ள ஒளிபுகும் பாகங்களில் வெள்ளை படர வைக்கும். மசகு வேண்டுமென்றால் சிலிகான் எண்ணெய் மட்டும்.

வருடங்கள் போனபின் பொம்மை பிசுபிசுத்தால் அது அழுக்கு இல்லை. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் மேலே கசிகிறது. காற்றோட்டமில்லாத பெட்டியும் வெப்பமும் அதை அதிகமாக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, மென்மையான பிரஷால் கழுவி, மூட்டு இடுக்கு வரை உலரவிட்டு, வெயில் படாத திறந்த தட்டில் வையுங்கள்.