ஒரே வீடியோ, பகுதிக்கு ஒரு ஃபில்டர்: சில வருட அனுபவம்

நீளமான வீடியோ முழுவதற்கும் ஒரே ஃபில்டர் போட்டால் எங்காவது ஒரு பகுதி கெட்டுப்போகும். இருட்டறையில் எடுத்த காட்சிக்கு வெளிச்சமும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) குறைப்பும் வேண்டும். அதையே வெயிலில் எடுத்த காட்சிக்கும் போட்டால் முகம் வெளுத்து, தோல் மெழுகு பூசியது போல ஆகிவிடும். இதற்காக ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள், கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் ஆகிய மூன்றையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

ஷாட்கட்டில் அடிப்படை எளிது. பிளேஹெட்டை (வீடியோ ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டை) வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ் கீயைத் தட்டினால் கிளிப் இரண்டாகும், துண்டுக்கு ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். சிக்கல் துண்டுகள் சேரும் இடத்தில்தான். கேமரா கோணம் மாறும் இடத்தில் வெட்டு விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ஷாட்டின் நடுவில் ஆள் அறைக்குள் இருந்து வாசலுக்கு வருகிறார் என்றால், நிறம் படக்கென்று குதிப்பது நன்றாகவே தெரியும். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று இழுத்து டிரான்சிஷன் வைத்தாலும் சரிவராது. வெவ்வேறு நொடிகளின் ஃபிரேம்கள் கலந்து, நடக்கிற ஆள் இரண்டாகத் தெரிவார். அதே கிளிப்பின் நகலை மேல் டிராக்கில் ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் வைத்து, நகலுக்கு மட்டும் நிறத்தை மாற்றி, ஃபேட் இன் கொடுப்பேன். அந்த ஃபேடில் கறுப்புக்குப் பதிலாக ஒபாசிட்டியை (படம் எவ்வளவு ஒளிபுகாமல் தெரிகிறது என்பதை) மாற்றும் விருப்பத்தை டிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் திரை இருண்டு வெளிச்சமாகும். வெறும் பிரைட்னஸ் மாற்றம்தான் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், ஃபில்டரின் அளவை நேரத்துக்கு ஏற்ப மாற்றும் கீஃபிரேம் போதும்.

ரிசால்வில் 2019-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து அட்ஜஸ்ட்மென்ட் கிளிப் இருக்கிறது: தனக்குக் கீழே உள்ள கிளிப்கள் எல்லாவற்றுக்கும் ஃபில்டர் போடும் வெற்று அடுக்கு. பத்துப் பதினைந்து சின்னச் சின்ன வெட்டுகளுக்கு மேலே ஒரே அடுக்காக விரித்துவிடலாம், திருத்தமும் ஒரே இடத்தில். வசதியில் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் கீழே இருக்கும் கிளிப்பை மட்டும் நகர்த்தினால் அடுக்கு பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் எடிட்டிங் முழுதாக முடிந்த பிறகே இதைத் தொடுவது நல்லது.

நிறைய ஃபைல்களுக்கு ஒரே மாதிரி வேலை என்றால் எஃப்எஃப்எம்பெக்தான். 'எனேபிள்' என்ற விருப்பத்தில் நேர நிபந்தனை கொடுத்தால் ஃபில்டர் அந்த நேரத்தில் மட்டும் வேலை செய்யும். எல்லா ஃபில்டரும் இதற்கு ஒத்துழைக்காது: ஃபில்டர் பட்டியலில் 'டி' குறியீடு உள்ளவை மட்டும்தான். ஸ்கேலும் கிராப்பும் அதில் சேராது. இன்னொரு நுணுக்கம், 'இந்த நொடி முதல் அந்த நொடி வரை' என்று நிபந்தனை எழுத உதவும் 'பிட்வீன்' இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். 60 முதல் 90 வரை ஒன்று, 90 முதல் 120 வரை இன்னொன்று என்று எழுதினால், சரியாக 90-ஆவது நொடியில் ஒரு ஃபிரேம் இருந்தால் அதன்மேல் இரண்டு ஃபில்டரும் விழும். ஒற்றை ஃபிரேம் பளிச்சென்று மின்னுவதற்கு இது ஒரு காரணம். மேல் முனைக்கு 'அதைவிடக் குறைவு' என்ற நிபந்தனை எழுதினால் போய்விடும். கட்டளையில் இன்புட் ஃபைலின் பெயருக்கு முன்பே தொடக்க நேரம் கொடுத்து வெட்டினால் நேரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், நிபந்தனைகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

அப்புறம், ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஃபில்டர் போட்டாலும் ஒரே கட்டளையில் ஓட்டும்போது முழு வீடியோவும் மறுபடி என்கோடு ஆகும், அதாவது புதிதாகச் சுருக்கிச் சேமிக்கப்படும். தொடாத பகுதியை அப்படியே காப்பி செய்து ஒட்டவும் வழி உண்டு. கீஃபிரேமில்தான் (மேலே சொன்னது அல்ல, ஃபைலுக்குள் முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேம்) வெட்ட வேண்டும், என்கோடு அமைப்புகளும் ஒத்துப்போக வேண்டும். சின்ன வீடியோவுக்கு அந்த மெனக்கெடல் தேவையே இல்லை, பல மணி நேரப் பதிவுக்கு மட்டும் அப்படிச் செய்கிறேன்.