ஓடிடியா, டிஸ்க்கா? பிடித்த படத்தை எதில் வைத்துக்கொள்வது

ஒரு துப்பறியும் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சீசன், ஆறாவது எபிசோடு. கொலையாளி யார் என்று ஏற்கெனவே தெரியும். அவன் முதன்முதலாகப் பொய் சொல்லும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் திரும்பப் போட்டிருந்தேன். தூக்கம் வந்துவிட்டது, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுத்தினேன். மறுநாள் இரவு ஓடிடியைத் திறந்தால், பாதியில் விட்டவை வரிசையில் அந்தத் தொடர் இருந்த இடத்தில் வேறு ஏதோ படம். தேடிப் பார்த்தேன், பெயரே வரவில்லை. உரிமக் காலம் முடிந்து தொடர் போய்விட்டது.

கோபத்தைவிடத் தவிப்புதான் அதிகமாக இருந்தது. இத்தனை வருடம் சந்தா கட்டிப் பார்த்ததில் எனக்கென்று ஒரு படம்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த மாதமே ஒரு 4கே ப்ளூ-ரே பிளேயர் வாங்கினேன். ஒன்றரை வருடம் ஆகிறது. ஓடிடி, டிஸ்க் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் சாய்வு டிஸ்க் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வசதியில் ஓடிடியோடு டிஸ்க் போட்டி போடவே முடியாது. ரிமோட்டை எடுத்த அரை நிமிடத்தில் படம் ஓடும், அலமாரி வேண்டாம், தூசி தட்ட வேண்டாம், பயணத்தில் போனிலேயே பார்க்கலாம். எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு மாதச் சந்தாவில் கிடைக்கும் படங்களையெல்லாம் டிஸ்க்காக வாங்க நினைத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பெயர் கேள்விப்படாத இயக்குநர், நண்பர் சொன்ன வெளிமொழித் தொடர், நேற்று வந்த ஆவணப்படம் என்று எதையும் துணிந்து எடுத்துப் பார்க்க ஓடிடிதான் சரி. நான் ஒரு சந்தாவை இன்னும் விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

அப்புறம் படத்தின் தரம். இரண்டிலும் 4கே என்றுதான் போட்டிருக்கும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் மொத்தம் 13 ஜிபி சொச்சம் வரும். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கில் 66 ஜிபி, 100 ஜிபி வரைகூட இடம் இருக்கிறது. திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், அந்தப் புள்ளிகளுக்கான தகவலை எவ்வளவு நெருக்கிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பட்டப்பகல் காட்சியில் என் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. இருட்டு, புகை, மழை, மூடுபனி என்று வரும்போது தெரிந்துவிடும்.

ஒரே படத்தின் ஒரே காட்சியை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருத்தி கடிதம் படிக்கிறாள், பின்னால் வெறும் சுவர். ஓடிடியில் அந்தச் சுவரின் நிழல், அறுத்த மரத்தில் தெரியும் வளையங்கள் மாதிரி வரி வரியாகப் பிரிந்து நின்றது. அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த வரிகளும் கூடவே நெளிந்தன. டிஸ்க்கில் வெளிச்சம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஃபிலிமில் எடுத்த படம் என்பதால் சுவர் முழுக்க அந்த நுண்ணிய மணல்துகள் அசைவும் இருந்தது. நெருக்கிச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது அந்தத் துகள்கள்தான். சிலருக்கு அது வெறும் அழுக்காகத் தெரியும். எனக்கு அது இல்லாவிட்டால் முகங்கள் மெழுகு பூசியது மாதிரி இருக்கிறது.

2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாவது சீசனின் அந்த இரவுப் போர் எபிசோடு வந்தபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்க ரசிகர்கள் புலம்பியது நினைவிருக்கும். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் அது வேண்டுமென்றே இருட்டாக எடுக்கப்பட்டது என்றார். மக்களின் டிவி அமைப்புகளோடு, ஒளிபரப்பில் படம் சுருக்கப்படுவதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருட்டை நம்பி எடுத்த காட்சிக்கு, இருட்டிலும் நுணுக்கம் தாங்கும் ஊடகம் வேண்டும்.

ஒலியைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. டிஸ்க்கில் ஸ்டுடியோ ஒலி இழப்பில்லாமல் வருகிறது, ஓடிடியில் சுருக்கித் தருகிறார்கள், இதுவரை சரி. ஆனால் என்னிடம் இருப்பது சாதாரண ஸ்பீக்கர் இரண்டுதான். இதில் கேட்டவரை டிஸ்க்கில் வசனம் கொஞ்சம் நிதானமாக, தெளிவாக விழுகிறது, அவ்வளவுதான். சுற்றிலும் மேலேயும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் ஸ்பீக்கர்களை அறை முழுக்க அமைத்தவர்கள் வித்தியாசம் பெரிது என்கிறார்கள். நான் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை, அதனால் ஒலிக்காக டிஸ்க் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். படத்தின் தரத்துக்காக மட்டுமே வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். சின்ன டிவியை எட்டி உட்கார்ந்து பார்ப்பவருக்கு மேலே சொன்ன மெழுகுவத்திச் சுவர் கண்ணில் படப்போவதே இல்லை.

என்னை டிஸ்க் பக்கம் இழுத்தது வேறு விஷயம். நான் பார்த்த படம் நாளைக்கும் இருக்குமா? இருந்தால், அதே படமாக இருக்குமா?

முதல் கேள்விக்கு ‘வில்லோ’ தொடரே பதில். 2022 நவம்பர் கடைசியில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கியது, 2023 மே மாதம் எடுத்துவிட்டார்கள். தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேறு நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு வாங்கிய பழைய சரக்கு என்றால் ஒப்பந்தம் முடிந்தது என்று புரிந்துகொள்ளலாம். இது அவர்களே எடுத்து அவர்கள் தளத்தில் மட்டுமே வந்த தொடர், டிஸ்க்காகவும் வரவில்லை. தொடர் நன்றாக இருந்ததா என்பது வேறு பேச்சு. அதில் வேலை செய்த ஒருவர் தன் வேலையைத் தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்ட நினைத்தால் எங்கே போவார்? அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் நுணுக்கமானது. படம் பட்டியலில் இருக்கும், ஆனால் வேறு படமாக இருக்கும். ‘தி சிம்ப்சன்ஸ்’ 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்தபோது, பழைய சதுரச் சட்டகத்தில் வரைந்த எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். பீர் தொழிற்சாலைக் காட்சி ஒன்று இருக்கிறது. மூன்று வகை பீர் என்று மூன்று பெரிய தொட்டிகள் நிற்கும், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே பீர் போய்க்கொண்டிருக்கும். நகைச்சுவையே அந்தக் குழாயில்தான். மேலே வெட்டியதில் குழாய் போய்விட்டது, வெறும் தொட்டிகள்தான் மிச்சம். ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020 மே மாதம் பழைய சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. 2021 அக்டோபரில் ‘சைன்ஃபெல்ட்’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோதும் இதே கதை. சாலைக் குழியைப் பற்றிய எபிசோடில் அந்தக் குழியே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. டிஸ்க்கிலும் இப்படி வெட்டுவார்கள். ஆனால் வெட்டாத பழைய டிஸ்க்கை வைத்திருப்பவரின் அலமாரிக்குள் வந்து யாரும் வெட்ட முடியாது.

இதைவிட என்னை உறுத்தியது ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ விவகாரம். 1971இல் வந்த படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 2023இல் இணையத்தில் பார்த்தவர்கள், ஆரம்பத்தில் வரும் ஒரு சிறு பகுதி காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாயகனான போலீஸ்காரர் இனவெறிச் சொல் பேசும் இடம் அது. அந்த வார்த்தை அசிங்கமானதுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்று படம் நமக்குக் காட்டும் இடமும் அதுவே. எந்த அறிவிப்பும் இல்லாமல் வெட்டினார்கள். எச்சரிக்கைக் குறிப்பு போட்டு முழுசாகக் காட்டியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களிடம் படம் அப்படியே இருந்தது. ஒப்பிட்டுச் சொல்லவும் அவர்களால்தான் முடிந்தது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: சந்தா வேண்டாம், இணையக் கடையிலேயே படத்தை விலைக்கு வாங்கிவிட்டால்? நானும் அப்படிச் சில படங்கள் வாங்கியிருக்கிறேன். அந்தப் பொத்தானில் ‘வாங்கு’ என்று இருந்தாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும்தான், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே 2024இல் ஒரு சட்டம் போட்டார்கள். இது வெறும் உரிமம் என்று வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. 2025 தொடக்கத்திலிருந்து அமலில் இருக்கிறது. சட்டம் வார்த்தையைத்தான் திருத்தியது, படம் நம் கைக்கு வந்துவிடவில்லை.

டிஸ்க்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். டிஸ்க் சாகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில தானாகவே கெட்டுப்போவதை வார்னர் பிரதர்ஸ் 2025இல் ஒப்புக்கொண்டது. கீறல் எதுவும் இல்லாமல், உள்ளே இருக்கும் அடுக்கு பாழாகிவிடுகிறது. அதனால் வாங்கியதும் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுவேன். வெயில் படாத இடத்தில் நிற்க வைத்தாற்போல் அடுக்குவேன். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுப்பேன். வட்டமாக விழும் கீறல் தகவல் ஓடும் பாதையோடேயே போகும், நேர்க்கீறல் அதைக் குறுக்கே கடந்துவிடும்.

பிளேயர் விஷயம் இன்னும் கவலைக்குரியது. பிளேயர் தயாரிப்பிலிருந்து ஒப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல், எல்ஜி 2024இல். நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிஸ்க் அனுப்பும் சேவையை 25 வருடம் நடத்தி 2023 செப்டம்பரில் மூடியது. சோனியும் பானசோனிக்கும் இன்னும் பிளேயர் செய்கின்றன. என் பிளேயர் பழுதானால் அடுத்தது எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்ற யோசனை எனக்கு இருக்கிறது. எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டையும் பார்த்து வாங்க வேண்டும். டிவிடிக்கு ஆறு மண்டலங்கள், ப்ளூ-ரேக்கு மூன்று. 4கே ப்ளூ-ரேக்கு மண்டலமே கிடையாது, அது பெரிய நிம்மதி. தமிழ்ப் படங்களை நம்பி மட்டும் பிளேயர் வாங்க வேண்டாம், நிறைய நல்ல படங்கள் ப்ளூ-ரேயாக வரவே இல்லை.

சரி, எதை எதில் பார்க்கலாம்? முதல் முறை பார்ப்பது எல்லாமே ஓடிடியில். ஓடிக்கொண்டிருக்கும் தொடர்கள், அரட்டை நிகழ்ச்சிகள், ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றும் படங்களும் அங்கேயே இருக்கட்டும். ஒரு படத்தை மூன்றாவது முறை பார்க்க மனசு இழுத்தால் டிஸ்க் வாங்கிவிடுவேன். இருட்டை நம்பி எடுத்த படங்கள், ஃபிலிமில் எடுத்த பழைய படங்கள், சதுரச் சட்டகத்தில் வந்த பழைய தொலைக்காட்சித் தொடர்கள் இந்த மூன்றுக்கும் முதலிடம். ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு இருந்தால் இயக்குநர் உரை உள்ளதை எடுங்கள். படத்தோடு உரையைச் சேர்த்துத் தரும் பழக்கம் 1984இல், டிவிடிக்கு முந்தைய லேசர் டிஸ்க்கில் தொடங்கியது. படம் ஓட ஓட எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை ஓடிடியில் அபூர்வமாகத்தான் தருகிறார்கள். எதில் பார்த்தாலும் சரி, டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 2019க்குப் பிறகு வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டாலே அது அணைந்துவிடும்.

அந்தத் துப்பறியும் தொடர் பழைய டிவிடிப் பெட்டியாகக் கிடைத்தது. ஓரம் தேய்ந்த அட்டை, முதல் டிஸ்க்கில் யாருடையதோ விரல் ரேகை. துடைத்து, ஆறாவது எபிசோடு இருக்கும் டிஸ்க்கைத் தேடிப் போட்டேன். ஓடிடியில் பார்த்ததைவிடப் படம் கொஞ்சம் மங்கல்தான். அவன் பொய் சொல்லும் இடம் வந்தது. வாய் சிரிக்கிறது, இடது கண் மட்டும் ஒரு நொடி தாமதமாகச் சுருங்குகிறது. பின்னோக்கி ஓட்டி இன்னொரு முறை பார்த்தேன். இன்னும் இரண்டு சீசன் அலமாரியில் இருக்கிறது, மெதுவாகப் பார்க்கலாம்.