கீமோவுக்கு முன் கையில் இருக்கும் நாட்கள்: எந்த வழி யாருக்கு?

பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால், வீடு முதலில் கேட்பது ‘பிழைத்துவிடுமா?’ என்றுதான். அடுத்த கேள்வியை அம்மா கேட்பார், பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, நர்ஸிடம் தாழ்ந்த குரலில்: ‘நாளைக்கு இதற்கு ஒரு கல்யாணம், குழந்தை?’ பெரும்பாலும் அதற்குள் முதல் கீமோ ஏறியிருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை, பின்னாளில் குழந்தை பெறும் திறனைக் கெடுக்கலாம். அதனால் அந்தத் திறனை முன்பே காத்துவைக்கும் வழிகளை நாள் கணக்கு வைத்தே ஒப்பிடுகிறேன்.

எல்லாச் சிகிச்சையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு போன்ற மருந்துகள் அளவு கூடும்போதும், இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சிலும், எலும்பு மஜ்ஜை மாற்றத்திலும் ஆபத்து அதிகம். ரத்தப் புற்றுநோய்க்கான வழக்கமான முதற்கட்டச் சிகிச்சையில் குறைவு. ஆகவே ‘எந்த மருந்து, எவ்வளவு?’ என்ற கேள்விதான் முதலில்.

வயதுக்கு வந்த பையனுக்கு விந்து சேமிப்பே போதும். ஓரிரு நாளில் முடியும், அறுவை இல்லை, செலவும் பெரும்பாலும் ஆயிரங்களில் அடங்கும். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். மீனுக்கு ஐஸ் போட்டுப் பழகிய ஊருக்கு இது விளங்காதா? கெட்ட பிறகு ஐஸ் போட்டுப் பயனில்லை. கீமோ தொடங்கிய பின் எடுத்த விந்தும் அப்படித்தான், மரபணுச் சேதத்தின் ஆபத்து அதில் உண்டு. இவ்வளவு எளிய வழி தவறிப்போவதற்குக் காரணம் வெட்கம். அப்பா பக்கத்தில் நிற்க, கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தால் எந்தப் பையனுக்கு முடியும்? முடியாதவனுக்கு மயக்க மருந்து கொடுத்து விதைப்பையிலிருந்து எடுக்கலாம். வயதுக்கு வராத சிறுவனுக்குத் திசு சேமிப்பு இன்னும் ஆய்வு நிலையில்தான்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு கடினம். கருமுட்டை சேமிப்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் தினமும் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசியில் மயக்கத்தில் முட்டை எடுப்பது. மாதவிடாய்க்குக் காத்திருக்க வேண்டாம், எந்த நாளிலும் தொடங்கலாம். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு நூற்றெழுபது கிலோமீட்டர். ஸ்கேனுக்கு ஸ்கேன் பஸ் ஏற முடியாது, அங்கேயே தங்க வேண்டும். செலவு லட்சத்தைத் தாண்டலாம்.

கருமுட்டை இருக்கும் சினைப்பையின் திசுவைச் சேமிப்பது இதற்கு நேர் எதிர். லேப்ராஸ்கோபி என்ற சிறுதுளை அறுவை மூலம் திசுவை எடுத்துவிட்டால் சில நாளில் கீமோ தொடங்கலாம். வயதுக்கு வராத சிறுமிக்கு இது ஒன்றே வழி. இப்படி வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி முதல் குழந்தை பெல்ஜியத்தில் 2004இல் பிறந்தது. ரத்தப் புற்றுநோய் என்றால் மட்டும் நான் தயங்குவேன்: திசுவோடு புற்றணுவும் உடலுக்குத் திரும்பலாம்.

மாதம் ஒரு ஊசி போட்டுச் சினைப்பையை உறங்கவைப்பது மலிவு, சுலபம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கும்போது மாதவிடாய்ப் போக்கை நிறுத்தவும் அது உதவும். ஆனால் சேமிப்புக்கு மாற்று என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இரண்டு வாரம் பொறுக்கும் நோய் என்றால் முட்டை. பொறுக்காது என்றால் திசு. என் கணக்கு இது.

யாரிடம் பேசுவது என்பதிலும் இரு வழிகள் உண்டு. பெற்றோரை மட்டும் உட்காரவைத்துப் பேசினால் கையெழுத்து விரைவில் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தனியே பேசினால் வேறு கேள்விகள் வரும். ‘ஆண்மை போய்விடுமா?’ என்று ஒரு பையன் அம்மா முன் கேட்க மாட்டான். கருத்தரிக்க வைக்கும் திறன் குறைவதும் ஆண்மை போவதும் ஒன்றல்ல என்பதை அவன் நேரடியாகக் கேட்க வேண்டும். பிள்ளையிடம் முதலில், பிறகு எல்லோருமாக என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கையெழுத்து பெற்றோருடையது, சம்மதம் பிள்ளையுடையது.

செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சேமிப்புக்குப் பத்தாண்டு எல்லை பேசுகிறது. பதினான்கில் வைத்தால் இருபத்து நான்கில் அது வந்துவிடும். உங்கள் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக் கட்டணம் எந்த மாதம் என்பதையும் கேளுங்கள். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும் வீட்டுக்கு அந்த மாதம் மே ஆக இருக்கக் கூடாது.