டெர்மினலில் வெற்றி, எடிட்டரில் சிவப்புக் கோடு: மூன்று ஜாவா எடிட்டர்கள்

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் உள்ள எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் நிரலாளர் ஒருவர், சென்ற மாதம் தம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். “அண்ணே, டெர்மினல்ல ‘பில்ட் சக்சஸ்’னு வருது, விஎஸ் கோட்ல மட்டும் டிபெண்டன்சி இல்லைன்னு சிவப்புக் கோடு போடுது.” டிபெண்டன்சி என்றால் நிரல் சார்ந்திருக்கும் வெளி நூலகம். அவர் எடிட்டரை இருமுறை நீக்கி மீண்டும் நிறுவியிருந்தார். இல்லை என்று சொல்லப்பட்ட நூலகத்தின் ஜார் கோப்போ, மேவன் என்ற பில்ட் கருவி இறக்கியவற்றைச் சேமிக்கும் ‘.எம்2’ கோப்புறையில் பத்திரமாக இருந்தது.

எங்கள் வலையிலிருந்து, ஜாவா நூலகங்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலை நேரடியாக எட்ட முடியாது; எல்லாம் அதற்குப் பதிலாக நிற்கும் உள் மிரர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த மிரரின் முகவரி, மேவன் நிறுவப்பட்ட இடத்தின் ‘கான்ஃப்’ கோப்புறையிலுள்ள செட்டிங்ஸ் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. டெர்மினல் அதைப் படித்தது; எடிட்டர் தனக்குள் வைத்திருக்கும் மேவன் படிக்கவில்லை. ஒவ்வொரு ஜாரும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை மேவன் 3 அதன் அருகிலேயே குறித்து வைக்கும் என்பதால், மிரரின் பெயரை அறியாத எடிட்டர், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே ஏற்க மறுத்து, சென்ட்ரலைத் தேடிப்போய்த் தோற்று, அந்தத் தோல்வியையும் ‘லாஸ்ட்அப்டேட்டட்’ கோப்பாகச் சேமித்துவிட்டது.

விஎஸ் கோடும் இன்னொரு எடிட்டரான எக்லிப்ஸும் இதில் ஒரே குருதிதான். விஎஸ் கோடில் சேர்க்கும் ரெட் ஹேட்டின் ஜாவா நீட்சிக்குள் ஓடுவது, நிரலைப் படித்துப் பிழைகளைச் சுட்டும் எக்லிப்ஸின் மொழிச் சேவையகமே. இரண்டிலும் டிபெண்டன்சியைத் தேடுவது எம்2ஈ என்ற எக்லிப்ஸின் மேவன் இணைப்பு. வேறுபாடு மருந்து இருக்கும் இடத்தில் உள்ளது. எக்லிப்ஸில் மேவன் விருப்பப் பக்கத்திலேயே அந்தக் ‘கான்ஃப்’ கோப்பைக் காட்டிக்கொடுக்கக் குளோபல் செட்டிங்ஸ் பெட்டி தெரிகிறது. ஆல்ட்+எஃப்5 அழுத்தினால் கட்டாயப் புதுப்பிப்புக்கான தேர்வும் கிடைக்கிறது. விஎஸ் கோடிலும் அதே அமைப்பு உண்டு, ஆனால் பெயர் தெரிந்து தேடுபவருக்கே அது அகப்படும். ஆகவே பலரும் மொழிச் சேவையகத்தின் பணியிடத்தைத் துடைக்கும் கட்டளையையே நாடுகிறார்கள், அது ‘.எம்2’ பக்கமோ மிரர் பக்கமோ போவதே இல்லை.

மூன்றாவது எடிட்டரான இன்டெல்லிஜே ஐடியாவும் இயல்பாகத் தன்னுடன் வரும் மேவனையே எடுத்துக்கொள்வதால் இந்தப் பிழை அங்கும் வரலாம். ஆனால் எந்த மேவன் என்பதைச் சொல்லும் மேவன் ஹோம் அமைப்பை டெர்மினலின் மேவனுக்கு மாற்றினால், அதன் செட்டிங்ஸ் கோப்பும் கூடவே வந்துவிடும். எக்லிப்ஸில் வெளி மேவனைச் சேர்த்தாலும், டிபெண்டன்சி தேடலுக்கு உள்ளிருக்கும் மேவன்தான் என்பதை நினைத்தால், இந்த ஒரு வசதிக்காகவே நான் இன்டெல்லிஜேவை முன்வைப்பேன். அங்கும் தற்காலிகச் சேமிப்புகளை அழிக்கும் ‘இன்வேலிடேட் கேஷஸ்’ என்பதை முதல் வைத்தியமாக்க வேண்டாம். பெரிய புராஜெக்ட் என்றால், கீழே கோப்பிக்கடைக்குப் போய்த் திரும்பிய பிறகும், கோப்புகளை மீண்டும் படித்துப் பட்டியலிடும் இண்டெக்ஸிங் ஓடிக்கொண்டிருக்கும்.

மேவனுக்கு மாற்றான பில்ட் கருவி கிரேடிலில் இந்தத் தொல்லை குறைவு. மூன்று எடிட்டர்களும் தேடலைக் கிரேடிலிடமே ஒப்படைக்கின்றன.

அந்த இளைஞரை எடிட்டர் மாறச் சொல்லவில்லை. மிரர் குறிப்பை அவருடைய ஹோம் கோப்புறையின் ‘.எம்2’க்குள், மூன்று எடிட்டர்களும் படிக்கும் செட்டிங்ஸ் கோப்புக்கு நகர்த்தினோம். புராஜெக்டை ரீலோட் செய்ததும் சிவப்புக் கோடு போயிற்று. எந்த ஜாரையும் மீண்டும் இறக்க வேண்டியிருக்கவில்லை.