சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு: மாணவர் ரயில் சலுகையுடன் மூன்று ஆண்டுகள்

கோத்தகிரியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த இந்த மூன்று ஆண்டுகளில், பொங்கல், தீபாவளி, பருவத்தேர்வு விடுமுறை எதுவானாலும் ஊருக்குச் செல்ல நீலகிரி எக்ஸ்பிரஸையே நம்பியிருக்கிறேன். மாணவர் சலுகை என ஒன்று இருப்பதே இரண்டாம் ஆண்டில் விடுதி அண்ணன் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. 2020-இல் ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர்களுக்கானது தொடர்ந்தது. அதையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து முழுக் கட்டணம் செலுத்துவோர் எங்கள் விடுதியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் 50 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 75 விழுக்காடும் தள்ளுபடி உண்டு. எங்கள் மலையின் கோத்தர், இருளர் குடும்பங்களிலிருந்து படிக்கச் செல்வோருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. முன்பதிவுக்கான 20 ரூபாயும் அதிவிரைவு வண்டிக்கான 30 ரூபாயும் குறைவதில்லை. ஆகவே 300 ரூபாயைத் தாண்டும் பயணச்சீட்டு பாதியாகாமல் ஏறக்குறைய 200 ரூபாயில் வந்து நிற்கிறது. பண்டிகை நாளில் ஆம்னி பேருந்து கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை படிவத்தில்தான் இருக்கிறது. கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட சலுகைப் படிவத்தை ரயில் நிலைய முன்பதிவு கவுன்ட்டரில் நேரில் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் சீட்டுக்கும் தட்கலுக்கும் சலுகை கிடையாது. முன்பதிவோ பயணத்துக்கு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்கள்). விடுமுறை அறிவிப்பு வராமல் படிவம் தர முடியாது என்று கல்லூரி அலுவலகம் சொல்ல, அறிவிப்பு வந்த நாளில் காத்திருப்போர் பட்டியலே மிஞ்சியிருந்த அனுபவம் எனக்கு இருமுறை வாய்த்தது.

அதில் ஒருமுறை பணமும் போயிற்று. இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டு உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் திரும்பும். கவுன்ட்டரில் எடுத்த சீட்டை வண்டி புறப்படுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பாவது நாமே கொண்டுபோய் ரத்து செய்ய வேண்டும். இது தெரியாமல் மறுநாள் காலையில் சென்று நின்றேன். தவறு முழுக்க என்னுடையது. இப்போது தேதி முன்பே தெரிந்துவிடும் பொங்கலுக்கு நாள்காட்டியின் நகலை இணைத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கிறேன். பருவத்தேர்வு விடுமுறைக்கு மட்டும் இன்னமும் வழி தெரியவில்லை.

நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்றுசேரும் மேட்டுப்பாளையத்தில் இறங்கியபின் செலவு மிகக் குறைவு. வெளியூர் நண்பர்கள் மலை ரயிலைப் பற்றிக் கேட்பதுண்டு. 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கும் அந்த வண்டி குன்னூர் வழியாக ஊட்டிக்குத்தான் செல்கிறது. கோத்தகிரிக்காரனுக்கு அது வேடிக்கை பார்க்க மட்டுமே. அரசுப் பேருந்தில் ஏறினால் அரவேணு வழியாகக் காலை உணவுக்கு வீடு சேர்ந்துவிடலாம், வாடகைக் காரில் வருவோரைப் போல மலைக்குள் நுழைய இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு எடுக்கும் வேலையும் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கச் செல்பவர்களோடு நெருக்கி உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.