ஐசிங் சுகரா, மிக்ஸில அரைச்ச சர்க்கரையா? ராயபுரத்துல இருந்து என் அனுபவம்

பல வருஷமா வீட்ல கேக், நான்கட்டாய், ரவா லட்டு எல்லாம் பண்றேன், கிறிஸ்துமஸ் டைம்ல அக்கம்பக்கத்துல ஆர்டரும் எடுப்பேன், அந்த அனுபவத்துல சொல்றேன், கடைல பாக்கெட்ல வர ஐசிங் சுகரும் நாம மிக்ஸில அரைக்கிற சர்க்கரையும் ஒண்ணு கெடையாதுங்க. ஐசிங் சுகர் அவ்ளோ நைசு, அதோட கட்டி புடிக்காம இருக்க 3ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் சோளமாவு (கடைல வர வெள்ளை கார்ன்ஃப்ளார்) சேத்திருப்பாங்க.

வித்தியாசம் நல்லா தெரியறது கேக் மேல பூசற பட்டர்கிரீம்ல. வெண்ணெய்ல தண்ணி ரொம்ப கம்மி, அதனால சர்க்கரை சரியா கரையாது, வீட்ல அரைச்சத போட்டா எவ்ளோ நேரம் பீட் பண்ணாலும் நாக்குல நறநறன்னு நிக்கும். 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சுகர், அதையும் ரெண்டு வாட்டி சலிச்சு போடுங்க, இதுக்கு மட்டும் காசு பாக்காதீங்க. ஆனா வெறும் தண்ணி ஊத்தி கிளேஸ், அதாவது கேக் மேல ஊத்தற சர்க்கரை பூச்சு, பண்ணா அந்த சோளமாவு வேகாத வாசனை லைட்டா வரும், எலுமிச்சை சாறு விட்டா தெரியாது.

நான்கட்டாய்க்கும் ரவா லட்டுக்கும் வீட்ல அரைச்சதே சூப்பர். சர்க்கரையோட ஏலக்காயையும் போட்டு அரைச்சா அதுவும் நல்லா பொடியாயிடும், வாசனையும் எல்லா எடத்துலயும் சமமா வரும். ஜார்ல ஈரமே இருக்கக்கூடாது, விட்டு விட்டு ஓட்டணும், ஒரேடியா ஓட்டுனா ஜார் சூடாகி சர்க்கரை ஓரத்துல அப்பிக்கும்.

பட்டர் கேக்குக்கு நிறைய பேர் சர்க்கரைய மாவா அரைச்சு போடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வெண்ணெயோட சேத்து அடிக்கும்போது காத்து உள்ள போறதே அந்த சர்க்கரை பரல்னாலதான், முழுசா பொடியாக்கிட்டா கேக் அடர்த்தியா வரும். நம்மூர் சர்க்கரை பெரிய பரலா இருக்கறதால ஒரு சுத்து, ரெண்டு சுத்து விட்டு எடுத்தா போதும்.

நம்ம ஏரியால பெரிய தலவலி ஈரக்காத்து. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காத்து, அதுவும் நவம்பர் டிசம்பர் மழையும் கிறிஸ்துமஸ் ஆர்டரும் ஒண்ணா வரும், பொடி சர்க்கரை சட்டுனு ஈரம் இழுத்துக்கும். அதனால மொத்தமா அரைச்சு வைக்கறதில்ல, அன்னிக்கு வேண்டியத அன்னிக்கு அரைக்கிறேன், மிச்சம் இருந்தா ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவு கலந்து டைட் டப்பால போட்டுடுவேன். கேக் மேல தூவறதுன்னா நல்லா ஆறினப்புறம், பரிமாற கொஞ்சம் முன்னாடி டீ வடிகட்டில தட்டி தூவுங்க, கிறிஸ்துமஸுக்கு பொரிக்கிற கல்கல் பலகாரத்துக்கும் அப்படித்தான், சூட்டோட தூவுனா உருகி பிசுபிசுன்னு ஆயிடும்.

கடலமாவு லட்டுக்கு மட்டும் இது ரெண்டும் வேணாம். சௌகார்பேட்டை மளிகைக் கடைங்கள்ல பூரா சர்க்கரை கேளுங்க, பாகு காய்ச்சி கெட்டியானதும் தேச்சு பொடியாக்குனது அது, லட்டு நல்லா பரபரன்னு வரும்.